பின் சக்கரமும் ஒரு குங்குமப் பொட்டும்

புது ட்யூபை உறையிலிருந்து உருவியதும் ரப்பர் வாடை அடித்தது. நீங்கள் வாங்கிப் பரணில் போட்டுவிட்டுப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடலாம் என்று சொல்லிச் சொல்லியே ஞாயிறுகளை ஓட்டினீர்கள். அந்த வாடைக்காவது அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

முக்குச் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் கடைக்காரர் உங்களோடு தினமும் டீ குடித்தவர். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, எப்படி ஆச்சு என்று ஆரம்பிப்பார். நெஞ்சுவலி என்று நான் சொல்ல வேண்டும். நல்லா இருந்த மனுசன் என்பார். அதற்குத் தலையாட்ட எனக்குத் தெம்பில்லை. அதனால் பஞ்சரான சக்கரத்தை நானே கழற்றுவது என்று முடிவு செய்தேன்.

உங்களைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்குத் திண்டுக்கல் ரோட்டில் சைக்கிளில் போகும்போது, பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தாலும் ஒதுங்கத் தோன்றவில்லை. இடித்தால் இடிக்கட்டும் என்றிருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

நீங்கள் ஒன்றும் பெரிய மெக்கானிக் இல்லை. என் பழைய சேலையை ஹாலில் விரித்து, அதன்மேல் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து, ஆபரேசன் செய்கிற டாக்டர் மாதிரி கையை நீட்டுவீர்கள். நான் ஸ்பேனரை வைக்க வேண்டும். ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு எல்லாம் பின் சக்கரத்தின் ஒரே அச்சில் வந்து மாட்டுவதால், திரும்ப முடுக்கும்போது எப்படியும் ஒரு வாஷர் மிஞ்சும். "கம்பெனிக்காரன் கூட ஒண்ணு போட்டிருப்பான் புள்ள" என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வீர்கள். துவைக்கும்போது நான் எடுப்பேன்.

மாட்டிய சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உரசும், செயின் தொங்கும். ஓர் ஆயுத பூஜைக்கு நான் வைத்த குங்குமம் அச்சுக்கு நேராக ஃபிரேமில் ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் உங்களுக்கு யோசனை வந்தது. அதிலிருந்து கழற்றும் முன்னால் இரண்டு பக்கமும் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து ஒரு பொட்டு. திரும்ப மாட்டும்போது அச்சு பொட்டுக்கு நேராக வந்தால் போதும், சக்கரம் நடுவில் நிற்கும்.

நேற்றும் பொட்டு வைக்க வேண்டியிருந்தது. துணைக்குத் தங்கியிருக்கும் உங்கள் தங்கச்சி குங்குமச் சிமிழைச் சாமி அலமாரியில் பின்னால் தள்ளி வைத்திருந்தாள். என் கண்ணில் படக்கூடாது என்று நினைத்திருப்பாள். நான் எடுத்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"மதினி, அது எதுக்கு இப்ப?"

"சைக்கிளுக்கு" என்றேன்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கவிழ்த்த சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். பொட்டு வைத்தேன். டயர் இடிக்காமல் வெளியே வர பிரேக் கம்பியைத் தளர்த்திவிட்டேன். நட்டுகளைக் கழற்றி, செயினை இறக்கி, சக்கரத்தை உருவினேன். கரண்டிக் காம்பால் டயரை நெம்பி ட்யூபை மாற்றினேன். செயினைப் பல்லில் ஏற்றி, அச்சைப் பொட்டுக்கு நேராக இழுத்து, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்கினேன். காற்றடித்துச் சுற்றிவிட்டால் எங்கும் உரசாமல் ஓடியது. வாஷர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நீங்கள் இருந்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பீர்கள்.

இன்று காலை அதில்தான் வேலைக்குக் கிளம்பினேன். தெரு முடிந்து மெயின் ரோட்டுக்கு இறங்கும் சரிவில் பிரேக்கைப் பிடித்தேன். பிடி சும்மா உள்ளே போனது. தளர்த்திய கம்பியை நான் திரும்ப முடுக்கவே இல்லை. முன் பிரேக் எப்போதும் பேருக்குத்தான். எதிரே மணல் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

இடிக்கட்டும் என்று தோன்றவில்லை. ஐயோ என்று கத்தினேன். இரண்டு காலையும் ஊன்றித் தேய்த்து, ஹேண்டிலை ஒடித்து, சாக்கடை ஓரம் குவித்திருந்த ஜல்லியில் போய் விழுந்தேன். லாரி போய்விட்டது. முட்டியில் ரத்தம். அப்படியே ஜல்லிமேல் உட்கார்ந்து, உங்களுக்காக அழாத அழுகை எல்லாம் அழுதேன். டீக்கடையில் இருந்தவர்கள் அடிபட்டதற்கு அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

பயந்துவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாத ஊரில் செத்துப்போக எனக்கு அம்புட்டுப் பயம். அது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கிறது. டீக்கடையில் ஒரு ஸ்பேனர் இரவல் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து பிரேக் கம்பியை இழுத்து முடுக்கினேன். ஒன்றுக்கு நாலு தடவை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.