புறவாசலுக்கு மதிப்பு

ஜனவரி 7, 2024
‘புறவாசல்’ என்று இன்று பிழையில்லாமல் எழுதினேன். ‘ர’ போடுவதற்குத்தான் கை ஆசைப்படுகிறது. முதியோர் வகுப்பு டீச்சர் செல்வலட்சுமி, “தினம் நாலு வரி எழுதுங்க அண்ணாச்சி” என்றாள். எழுதுகிறேன்.

மகன் பேச்சிராஜா சென்னையிலிருந்து பேசினான். “புறவாசல் குப்பைமேடாக் கிடக்கு. குறைஞ்ச செலவுல சரி பண்ணுங்கப்பா. வீட்டுக்கு மதிப்பு கூடும்.”

சந்தோஷம். மில்லர்புரத்தில் எங்களையும் நாலு பேர் மதிக்கட்டும்.

ஜனவரி 12
கருவை முள்ளை வெட்டினேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். சங்கு அறுக்கிற பட்டறையில் கழிவுத் துண்டுகளைச் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். பாதை போட்டாயிற்று. வெயிலில் மின்னுகிறது.

கண் போனதிலிருந்து என் வீட்டுக்காரி ஆறுமுகத்தாய் துவைகல்லையும் முருங்கையையும் தொட்டுத்தான் குழாய்க்குப் போவாள். பாதையைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. கல்லு மட்டும் அங்கனயே கிடக்கட்டும்” என்றாள்.

ஜனவரி 20
பேச்சிராஜா வீடியோவில் பார்த்தான். “கல்லையும் மரத்தையும் எடுத்தா இடம் பெருசாத் தெரியும்பா.”
எடுத்துவிட்டேன்.

ஜனவரி 21
விழுந்துவிட்டாள். முழங்கையில் ரத்தம்.
“கல்லைக் காணலியே, நான் எதைப் பிடிக்க?”
ஏன் எடுத்தேன்? அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா.

ஜனவரி 22
அடுப்படி வாசலிலிருந்து குழாய் வரை கயிறு கட்டினேன். பிடித்துக்கொண்டு போய்வந்தாள். “எழுத்து வந்த பிறவு புத்தியும் வருது போல” என்று சிரித்தாள்.

பிப்ரவரி 4
பேச்சிராஜா ஒரு தரகரோடு வந்தான். பாதையைப் பார்த்த தரகர், “இந்தப் புறவாசலாலயே மதிப்பு கூடிட்டு அண்ணாச்சி” என்று ஒரு விலையைச் சொன்னார்.

விலையா? மதிப்புன்னா அதுவாலே? முதல்லயே விலைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா. நான் என்னத்தப் படிச்சேன்—

வீடு அவன் பேரில்தான் இருக்கிறது. எழுதிக்கொடுத்த அன்று எனக்குக் கைநாட்டுதான்.

பிப்ரவரி 5
“போர்டு எழுத ஆள் எதுக்குப்பா? நீங்கதான் எழுதுவீங்களே.”
எழுதினேன். ‘வீடு விற்பனைக்கு.’ இரண்டு புள்ளி வரும். இரண்டையும் சரியாக வைத்தேன். அழகாகத்தான் வந்திருக்கிறது.

மார்ச் 17
சென்னை. பேச்சிராஜா வீடு, மூன்றாவது மாடி. கயிற்றை அவிழ்த்துக் கொண்டுவந்திருந்தேன். இங்கே கட்ட இடமில்லை.

காலையில் ஆறுமுகத்தாய் அறை வாசலில் நின்று கையை நீட்டித் துழாவினாள். “கயிறு எங்கன?”

என் கையைக் கொடுத்தேன். வலது கையைத்தான் பிடிக்கிறாள், விடுவதில்லை. அவள் தூங்கிய பிறகுதான் எழுத முடிகிறது.