என்ன கலர் வேணும்?

இன்று பாண்டிச்சேரியில் ஒரு கடையில் புதுப் பருத்திப் புடவையைப் பிரித்துப் போட்டார்கள். கஞ்சியும் சாயமும் கலந்த அந்த வாசனையில் நீங்கள் வந்து நின்றீர்கள், அக்கா.

உப்பளம் வைத்திருந்தவரைக் கட்டிக்கொண்டு சென்னையிலிருந்து மரக்காணம் வந்த பிறகும், ஒரு பெண்கள் பத்திரிகையில் வாராவாரம் உடைப் பக்கம் எழுதினீர்கள். மாதக் கடைசி ஞாயிறு மாலை உங்கள் மாடியில் இலக்கியக் கூட்டம். கீழே உப்பளத்தில் பாத்தி பாத்தியாக வானம் கிடக்கும். யாரோ கவிதை வாசிக்க, நீங்கள் ஏலக்காய் டீயோடு ஓசையில்லாமல் நடப்பீர்கள். அந்த உப்பு வெளிச்சத்தில் நாங்கள் எல்லோருமே கொஞ்சம் மிதப்பதுபோல் இருக்கும்.

சுனாமிக்குப் பிறகு நடந்த முதல் கூட்டத்துக்கு எல்லோரும் இரங்கற்பா எழுதி வந்திருந்தார்கள். நீங்களோ அன்று காலை எக்கியார்குப்பம் போய்வந்திருந்தீர்கள். ரோட்டோரம் யார் யாரோ கொட்டிப்போன பழந்துணிக் குவியலை அங்கே ஒருவரும் தொடவில்லை. “யாரு கட்டுனதோங்க, மனசு வரல” என்றார்களாம்.

“கவிதை அப்புறம் படிக்கலாம். அவங்களுக்கு என்ன கலர் வேணும்னு யாராச்சும் கேட்டீங்களா?” என்றீர்கள்.

“சாவு விழுந்த ஊர்ல கலரா?” என்று ஒருவர் எழுந்துபோனார். பின்னாலேயே பாதிக் கூட்டம் இறங்கிப்போனது.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட, நோட்டோடு நாம் இருவரும் குப்பத்துக்குப் போனோம். புருஷனைக் கடலில் பறிகொடுத்த ஒருத்தி, “எனக்கு எதுக்குங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாம் ரோட்டுக்கு வந்தபோது மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“கிளிப்பச்சை. மாமியாருக்குத் தெரிய வேணாங்க.”

நீங்கள் ஆச்சரியப்படவே இல்லை. “பார்டர் வெச்சா, வெக்காமலா?” என்று கேட்டு எழுதிக்கொண்டீர்கள்.

அந்த நாளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை, உடைப் பக்கத்துக்குப் பொருந்தாது என்று திரும்பி வந்தது. அதன்பின் அந்தப் பத்திரிகைக்கு நீங்கள் எழுதவில்லை. பழைய வாசகிகளுக்கு, நோட்டிலிருந்த பெயரையும் கலரையும் எழுதிக் கடிதம் போட்டீர்கள். பங்குனிக்குள் புடவைகள் வந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதி. அடுத்த கூட்டத்தில் குப்பத்துப் பெண்கள் உங்கள் மாடியில் உட்கார்ந்து, தங்கள் கதையைத் தாங்களே சொன்னார்கள்.

மறுவருடம் உங்களுக்கு மார்பில் கட்டி என்றார்கள். மழைக்காலத்துக்கு முன்பே போய்விட்டீர்கள். கூடத்தில் உங்களைக் கிடத்தியிருக்க, உங்கள் நாத்தனார் பீரோவைத் திறந்துவைத்து என்னைக் கூப்பிட்டார்.

“கூடவே இருந்தீங்களே டீச்சர். அண்ணிக்கு எந்தக் கலர் புடிக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் ஒருநாளும் நான் அதைக் கேட்டதில்லை. வெளிர்நீலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அது சரிதானா, அக்கா?