மாவ்லின் பங்கிட்ட மாத்திரை

1998 நவம்பர் 9
காலை முழுதும் புளித்த சோளமாவில் தோசை சுட்டேன். இவர் வெங்காயத்தாளும் சோயா விழுதும் வைத்துச் சுருட்டி நாலைந்து தின்றார். எனக்குப் பாதியிலேயே போதும் என்றாகிவிட்டது. அறுவடை அலுப்பாக இருக்கும்.

வைட்டமின் வயிற்றுப் புற்றைத் தடுக்குமா என்று பார்க்க, லுவான் டாக்டரம்மா சில வருஷமாக ஊர்க்காரர்களுக்கு மாத்திரை கொடுத்துவருகிறார். பெயர் எழுதிய மாதம் நான் என் அண்ணன் படுக்கையருகே இருந்தேன். அப்பா போன அதே நோயில்தான் அவனும் போனான். அதனால் மாத்திரை இவருக்கு மட்டும்தான். காலை மாத்திரையை இவர் விழுங்குவார். இரவு மாத்திரை என் கிண்ணத்துக்கு வந்துவிடும். "நல்லதைத் தனியாத் தின்னா தொண்டையில இறங்குமா?" என்பார். இந்த மனுஷனுக்கு எப்போதும் இப்படித்தான். ஒரு பேரிக்காய் கிடைத்தாலும் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் கடிப்பார்.

நவம்பர் 15
மறுபடியும் வயிற்றில் வலி. இவரிடம் சொல்லவில்லை. மாத்திரைதான் விழுங்குகிறேனே, என்ன வந்துவிடப் போகிறது?

நவம்பர் 23
ஐயோ, மானம் போயிற்று!

கிராம அலுவலக முற்றத்தில் எல்லார் முன்னாலும் டாக்டரம்மா இவரைப் புகழ்ந்தார். "மாவ்லின் அண்ணனைப் பாருங்க. ஒரு வேளை கூடத் தவறினதில்ல."

இவர் காது சிவந்துவிட்டது. சட்டென்று எழுந்தார். "என்னைப் புகழாதீங்க டாக்டரம்மா. பாதி மாத்திரை இவதான் சாப்பிடுறா."

முற்றமே சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தன், "அப்ப பாதிப் புகழை யூலான் அண்ணிக்குக் குடுங்க!" என்று கத்தினான். எனக்குத் தரையைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. டாக்டரம்மாவின் உழைப்பையெல்லாம் கெடுத்துவிட்டோமே! ஆனால் அவர் திட்டவில்லை. உள்ளதை உள்ளபடி குறித்துக்கொண்டு, ஏன் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். இவர் என் அப்பாவையும் என் அண்ணனையும் பற்றிச் சொன்னார்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு வலி இருக்கா அக்கா?"

"இல்லையே."

"பொய்," என்றார் இவர். "இலையுதிர் காலத்துலேர்ந்து தட்டுல பாதித் தோசை மிஞ்சுது. எனக்குக் கண்ணு இல்லைன்னு நினைச்சியா?"

நவம்பர் 24
குழாய் விட்டு வயிற்றைப் பார்க்க வேண்டுமாம். முடியாது என்றேன். டாக்டரம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். அடுப்பருகே உட்கார்ந்து, நான் தோசை வார்க்க வார்க்க வைக்கோல் தள்ளினார். படித்தவர் என்ற பந்தா துளியும் இல்லை.

"மாத்திரை இருக்கும்போது குழாய் எதுக்கு?" என்று கேட்டேன்.

"அக்கா, அந்தக் குப்பியில என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. ஒப்பிட்டுப் பாக்கத்தான் சில குப்பியில சத்து, சில குப்பியில வெறும் மாவு. சத்தே இருந்தாலும் அது புற்றைத் தடுக்குமான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. அதை நம்பி உட்கார்ந்திராதீங்க."

தன் மாத்திரையை நம்பாதே என்று சொல்லும் டாக்டரை இன்றுதான் பார்க்கிறேன். எப்பேர்ப்பட்ட பொம்பளை!

போகிறேன் என்று சொல்லிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 3
இருக்கிறது. சின்னதாக. ஆரம்பம்தான், வெட்டி எடுத்துவிடலாம் என்றார்கள். இவர் ஆஸ்பத்திரி வாசலில் குந்திக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. ஏன் அழவில்லை?

1999 பிப்ரவரி 21
கஞ்சி. வெட்டி எடுத்த நாளிலிருந்து மறுபடி மறுபடி கஞ்சி. இவர் வைத்த கஞ்சியை மனுஷி குடிப்பாளா? குடித்தேன்.

2003 அக்டோபர் 12
எந்தக் குப்பியில் என்ன இருந்தது என்ற விவரம் வந்துவிட்டது. டாக்டரம்மா அதே முற்றத்தில் நின்று சுற்றி வளைக்காமல் சொன்னார்: "வைட்டமின் தடுக்கும்னு நானும் ஆசைப்பட்டேன். இத்தனை வருஷத்துல அப்படித் தெரியல. இனிமே தெரியுமான்னும் சொல்ல முடியாது. உப்பைக் குறைங்க, வலின்னா மறைக்காதீங்க." இத்தனை வருஷம் உழைத்துவிட்டு ஊர் முன்னால் இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய!

இவருடைய குப்பி வெறும் மாவாம். வீட்டு வாசலில் நின்று, "இத்தனை நாளும் உனக்கு மாவையா குடுத்தேன்?" என்றார்.

"நீங்க குடுக்காம இருந்திருந்தா, அந்தம்மா என் பக்கம் திரும்பியிருப்பாங்களா?" என்றேன்.