தூக்க ஆள் வேண்டாம்

பாலக்கரை, திருச்சி
1979

என் மச்சானுக்கு ஸலாம்.

நான் கப்பல் ஏறப்போறேன்! பினாங்குக்கு, உங்ககிட்டே! டிக்கெட் கையில இருக்கு, இன்னும் நம்ப முடியல.

"நடக்க முடியாத காலை வச்சுக்கிட்டு எப்படி வருவே, யார் தூக்குவா"ன்னு ஒவ்வொரு தடவையும் எழுதுவீங்களே. இனிமே யாரும் தூக்க வேண்டாம். மெக்கானிக் ஹனீஃபா அண்ணன் ஒரு பழைய ஸ்கூட்டருக்குப் பின்னால ரெண்டு பக்கமும் சக்கரம் வச்சுக் கொடுத்திருக்கார். பிரேக்கும் கையிலேயே. நேத்து நானே ஓட்டிக்கிட்டு காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரைக்கும் போயிட்டு வந்தேன். பாலத்துல ஒரு பஸ் பின்னாலேயே ஹாரன் அடிச்சுது. அடிக்கட்டும்னு நடு ரோட்டிலேயே போனேன்! முக்காடு பறந்துடுச்சு, இழுத்துவிடக் கை ஒழியல, எனக்கு ஒரே சிரிப்பு.

பெட்ரோலை வடிச்சுட்டா வண்டியையும் கப்பல்ல ஏத்திக்குவாங்களாம்.

பினாங்குலேருந்து லீவுல வந்திருக்கிற நிஜாமுதீன் மாமா, நீங்க சௌக்கியம்னு சொன்னார். உங்க வீட்டுக் கொடியில சின்னக் கவுன் ஒண்ணு காயறதைப் பார்த்தாராம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடதா இருக்கும்னு அவரே சொல்லி முடிச்சார். நானும் ஆமாம்னு சொல்லிட்டேன்.

பெரிய கடை வீதியில ஒரு மஞ்சள் கவுன் எடுத்திருக்கேன். வயசு தெரியாததால பெருசாவே எடுத்தேன்.

வாசல்ல படி இருந்தா ஒரு பலகை போட்டு வைங்க. துறைமுகத்துக்கு என்னைத் தூக்கறதுக்குன்னு வர வேண்டாம். அந்தப் பிள்ளையைத் தூக்கிட்டு வாங்க.

இப்படிக்கு,
உங்க மனைவி