அடியில் ஒட்டிய பெயர்

தங்கச்சிக்கு,

இந்த ஜூலையில் பீச் பழங்கள் தொட்டாலே சாறு விடுகின்றன. உருக்கிய வெண்ணெயில் மாவை ஊற்றி, மேலே பழத்தைப் பரப்பினேன். கிண்டவில்லை. அடுப்பின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். அடியில் கிடந்த மாவு, தூக்கத்தில் எழுந்து நடப்பதுபோல், பழங்களைத் தாண்டி மெல்ல மேலே வந்தது. வீடு முழுக்க உன் சமையலறை வாசனை.

சுட்டது உன் கண்ணாடிப் பாத்திரத்தில்தான். என் கணவர் லமாரை அடக்கம் செய்த அன்று இதே பீச் பலகாரம், காப்ளர், கொண்டுவந்தாயே, அது. எல்லாம் முடிந்தபிறகு வந்து நின்ற உன்னிடம், "இப்பத்தான் ஒனக்கு வழி தெரிஞ்சுதா?" என்றேன். மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். வழியில் கார் நின்றுபோய், அந்தச் சூடான பாத்திரத்தைத் துண்டில் ஏந்தி நாலு மைல் நடந்தாய் என்று பக்கத்து வீட்டு ஒடெஸா பிறகுதான் சொன்னாள்.

நம் ஜார்ஜியாப் பக்கம் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாதே. என்ன வைத்துத் தருவதென்று தெரியாமல் ஆறு வருடம் போயிற்று. "அடைகாக்குறியாடி? குஞ்சு பொரிச்சா சொல்லு," என்கிறாள் ஒடெஸா.

சர்ச் விருந்தில் மற்றவர் பாத்திரத்தோடு மாறிவிடாமலிருக்க நீ பெயரெழுதி அடியில் ஒட்டிய காகித நாடா நனையக் கூடாதென்று, பாத்திரத்தை ஒருநாளும் தண்ணீரில் ஊறப்போட்டதில்லை. இன்று அடுப்பில் வைப்பதற்காக நாடாவை உரித்தேன். இத்துடன் இருக்கிறது.

கடிதத்தை ஒடெஸா கொண்டுவருகிறாள். பாத்திரத்தைக் கொடுத்தனுப்பவில்லை. அதில் இப்போது யார் பெயரும் இல்லை. நீயே வந்து ஒட்டு.

அவள் காரிலேயே வந்துவிடு. இந்த முறை நடக்காதே.

உன் அக்கா