ஓடு கேட்ட பள்ளிக்கு ஓடம்

12.6.02 புதன்
தூறல். பள்ளி திறப்பு. வகுப்பறையில் நான்கு இடத்தில் ஒழுகல், வாளி இரண்டுதான். பிள்ளைகள் எல்லாம் ஒரே மூலையில், ஆட்டுக்குட்டிகள் மாதிரி.

கூரைக்கு ஓடு கேட்டுப் போன வருடமே எழுதிப் போட்டேன். இன்று லாரியில் வந்து வாசலூர்பட்டி ஏரிக்கரையில் இறங்கியது படகு! பக்கிங்காம் கால்வாயில் உப்பு ஏற்றிய பழைய சரக்குப் படகாம். மூன்று துண்டாக அறுத்து, மலை வளைவு அத்தனையும் ஏற்றி. பூட்டிச் சரிசெய்து, இனி அதில்தான் வகுப்பாம். கூரைப் பணமும் அதற்கே போயிற்று.

சாயங்காலம் அடிவாரத்துக்கு, பேளுக்குறிச்சி வீட்டுக்கு இறங்கியதும் அத்தாவிடம் சொன்னேன். "ஓடு கேட்டே, ஓடமே குடுத்துட்டாங்களே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

14.6 வெள்ளி
திட்ட அலுவலர் (இனி தி.அ.) சென்னைக்காரர். புதுச் சட்டை, புதுச் செருப்பு, பழைய படகு. "குழந்தைங்க தண்ணியோட பேசுவாங்க மேடம்." பேசட்டும். வாய்ப்பாடு யார் சொல்லித் தருவது, மீன்களா?
வாங்க வேண்டியது: சாக்பீஸ், குடை, தலைவலி மாத்திரை.

17.6 திங்கள்
வெயில். படகுக்கு நீலப் பெயிண்ட், மேலே தகரக் கூரை. பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு எழுத்து: மிதக்கும் வகுப்பறை.

மூன்றாவது படிக்கும் மல்லிகாவின் அம்மா பழனியம்மா வந்து, அதைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். அவள் முகம் செத்துவிட்டது.
"ஏனுங்க டீச்சர், இந்த ஏரியில மிதக்கறது பொணந்தானுங்க. எங்க மாமன் மிதந்தப்பறந்தான் கெடச்சாரு. அதுல புள்ளைய ஏத்தச் சொல்றீங்களா?"

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க இதே பேச்சு. தி.அ. முகத்தைப் பார்க்க வேண்டுமே! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. அவசரமாக அழித்து 'படகுப் பள்ளி' என்று எழுதினார்கள். யாரும் மசியவில்லை.

19.6 புதன்
ஊர்க்கூட்டம். முடிவு: "டீச்சர் ஏறி உக்காந்தா எங்க புள்ளைக ஏறும். இல்லாட்டி இல்லீங்க."

தி.அ. இப்போது என்னிடம் குழைகிறார். டீ வேறு. சொல்லிவிட்டேன்: பள்ளிக்கு முதலில் ஓடு, பிறகு நான் படகில். "வெள்ளிக்கிழமை கலெக்டர் வர்றார் மேடம்." வரட்டும். இந்த மழையையும் விட்டால் சுவரும் போய்விடும். அசைய மாட்டேன்.

21.6 வெள்ளி
மூடுபனி, மழை. பிள்ளைகள் கரையில் நனைந்தபடி வரிசையாக. கலெக்டர் ஜீப் வந்துவிட்டது. ஓடு வரவில்லை. தி.அ. என் காலில் விழாத குறை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஜெயித்துவிட்டதாகவே நினைப்பு.

திடீரென்று மல்லிகா. வரிசையை விட்டு விலகி, கரையிலிருந்து போட்ட பலகைமேல் நடந்து, ஒற்றையாய்ப் படகில்.
"கண்ணு, எறங்கு சாமி!" பழனியம்மா அலறல்.
அவள் முன் பெஞ்சில் உட்கார்ந்து சிலேட்டை எடுத்தாள். "டீச்சர், வாங்க. இங்க நனையலீங்க."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஏறினேன். வேறென்ன செய்ய? பின்னாலேயே மொத்தப் பிள்ளைகளும். கலெக்டர் கைதட்டினார். பாழாய்ப்போன படகு ஆடிய ஆட்டத்தில் எட்டாம் வாய்ப்பாடு நடத்தினேன்.
ஓடு இனி வந்த மாதிரிதான்.