நீ மாற்றி வைத்த வரிசை

சிட்லபாக்கம்,
ஆகஸ்ட் 24.

சிரஞ்சீவி ரங்கனுக்கு அம்மாவின் ஆசிகள். நீயும் ரோஹிணியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே உடம்பளவில் எல்லோரும் சௌக்கியம், அதற்கு மேல் சௌக்கியம் என்று எழுதினால் அது பொய். போனில் சொல்லலாமே என்று கேட்பாய், மூன்று தடவை ஆரம்பித்தேன், மூன்று தடவையும் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். பக்கத்து வீட்டு ஹில்டா டீச்சரின் பெண் அபிகாயில் வெள்ளிக்கிழமை ஜெர்மனிக்குக் கிளம்புகிறாள், அவளிடம் வடாமும் கறிவேப்பிலைப் பொடியும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது, முழுக்கப் படி.

அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, ஏரிக்கரையில் நடக்கச் சொன்னால் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு வருகிறார். அதை விடு. உன் தங்கை சின்மயி விஷயத்துக்கு வருகிறேன். அவள் சிவில் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்பட்டது ஏதோ விளையாட்டுக்கு என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இரண்டு வருஷத்துக்கு முன் டிசம்பரில் நம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே, அப்போது நீ அங்கிருந்து வீடியோவில் பார்த்தாய், அவள் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தாள். தண்ணீர் வடிந்த பிறகு சவுரிமுத்து மேஸ்திரியிடம் மட்டம் பார்க்கிற ட்யூப் லெவல் கேட்டு வாங்கி, அந்த மனுஷரையும் இழுத்துக்கொண்டு போய், தெருமுனையில் புதிதாகக் கட்டிய கால்வாயை அளந்தாள். தெருவைவிடக் கால்வாய் அரை அடி உயரம். மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு, "இன்னா பாப்பா இது, தண்ணி போறதுக்குக் கட்னாங்களா, வர்றதுக்குக் கட்னாங்களா" என்று கேட்டார். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள் அவள். ப்ளஸ் டூ முழுக்க அந்த நினைப்பிலேயே படித்தாள்.

கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போட்டுத் தந்தது நீ, பாஸ்வேர்ட் வைத்ததும் நீ, அதை மாற்ற வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, அண்ணன்தானே. அவள் பத்து நாள் அலைந்து, மூன்று கல்லூரிகளுக்கு நேரிலேயே போய், லேப் எப்படி, வாத்தியார் எப்படி என்று விசாரித்து, இருபத்துமூன்று இடங்களை வரிசைப்படுத்தி வைத்தாள். முதலில் இருந்தது ரயிலில் இருபது நிமிஷத்தில் போகிற கல்லூரி. அவள் மதிப்பெண்ணுக்கு அது நிச்சயம் என்று எல்லோரும் சொன்னார்கள். கடைசி நாள் மத்தியானம் நீ அங்கிருந்து உள்ளே போய், அவள் எழுதவே எழுதாத டேட்டா சயின்ஸ் படிப்பாகத் தேடித் தேடிச் சேர்த்து மேலே ஏற்றி, சிவில் எல்லாவற்றையும் அடியில் தள்ளிவிட்டாய். உடனே எனக்கு போன் பண்ணி அதைச் சொன்னாய். அந்தப் போனைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஒதுக்கீடு வந்த அன்று காலையில் அவள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு போனைப் பார்த்தாள். டேட்டா சயின்ஸ், அதுவும் பேர் தெரியாத ஒரு கல்லூரியில். கம்ப்யூட்டர் தப்பு என்று நினைத்து ஹெல்ப்லைனைக் கூப்பிட்டாள். கடைசியாக வரிசை மாற்றப்பட்டது மூன்று இருபதுக்கு என்றார்கள். மூன்று இருபதுக்கு அவள் பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். பாஸ்வேர்ட் வேறு யாருக்குத் தெரியும், உனக்கு மெசேஜ் போட்டாள், நீ ஒரு கட்டைவிரல் படமும் 'அப்புறம் தேங்க்ஸ் சொல்லுவே' என்றும் அனுப்பினாய். அவள் கத்தவில்லை ரங்கா. "அண்ணா என் பேர்ல அவனே கையெழுத்து போட்டுட்டான்மா" என்று மட்டும் சொன்னாள். அந்த இடம் வேண்டாம் என்று மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனாள், அதற்குள் அவள் கேட்ட கல்லூரியில் சிவில் முழுக்க நிரம்பிவிட்டது. யாருக்கும் வேண்டாத படிப்பு என்றாயே, அதில் ஒரு இடம்கூட மிச்சமில்லை. இப்போது கிடைத்திருப்பது செங்கல்பட்டைத் தாண்டி. விடியற்காலையில் கிளம்பி, ரயில் பிடித்து, அங்கிருந்து கல்லூரி பஸ் பிடித்து, திரும்பி வர ஏழு மணி ஆகும். நாலு வருஷம். அப்பா உன் பேரைச் சொன்னாலே எழுந்து போய்விடுகிறார்.

உன்னை அப்பா மெக்கானிக்கலில் சேர்த்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரகடத்தில் கார் கம்பெனி மேல் கார் கம்பெனியாக வருகிறது, பத்து வருஷத்துக்கு ஆள் போதாது என்று பேப்பரில் வந்ததை வெட்டி வைத்துக்கொண்டு உன்னைச் சேர்த்தார். நீ படித்து முடித்தபோது உன்னைக் கூப்பிட்டது ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என்னிடம் என்ன சொன்னாய், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்மா என்றாய். அன்றைக்கு அது உனக்கு வலித்தது, இன்றைக்கு அதையே நீ அவளுக்குச் செய்திருக்கிறாய், அப்பாவாவது எதிரில் நின்று சொல்லிவிட்டுச் செய்தார். 2030இல் எந்த வேலை இருக்கும், எது இருக்காது என்று தினம் நாலு லிங்க் அனுப்புகிறாய். போன வருஷம் சைபர் செக்யூரிட்டி, அதற்கு முந்தின வருஷம் வேறென்னவோ, அது என்ன ஆயிற்று என்று கேட்டால் அது பழசும்மா என்கிறாய். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ரோஹிணி என்னிடம் சொல்லிவிட்டாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. உன் டீமில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்களாம், நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம், விடிய விடியப் புதிது புதிதாகக் கோர்ஸ் படித்துக்கொண்டிருக்கிறாயாம். இதை எங்களிடம் சொல்ல உனக்கு என்ன கேடு? உன் பயம் எனக்குப் புரிகிறது. அதற்காக அதைத் தூக்கிப் பதினேழு வயதுப் பெண் தலையில் வைப்பாயா?

இப்போது அந்தப் போன். "சரி பண்ணிட்டேன்மா, அவகிட்ட இன்னிக்கு மட்டும் ஒண்ணும் சொல்லாத, அஞ்சு மணிக்கு லாக் ஆயிடும்" என்றாய். நான் சரி என்றேன். அவள் பல் டாக்டரிடமிருந்து வந்தபோது மணி நாலரை, மாற்றுவதற்கு ஐந்து மணி வரைக்கும் நேரம் இருந்தது. ஹில்டா டீச்சர் பையன் எட்மண்ட் சிவில் படித்துவிட்டு கூடுவாஞ்சேரியில் வெயிலில் நின்று மனை காட்டிக்கொண்டிருக்கிறான், அவன் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. வாய் வலிக்கிறதா என்று கேட்டு அவளுக்கு மோர் கொடுத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. உன்மேல் இத்தனை கோபமாக எழுதுகிறேனே, அதில் பாதி என்மேல்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்லிவிட்டேன். எனக்கு அன்றைக்கே தெரியும் என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "நீ சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல மாத்தியிருப்பேன்மா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆமாம், இல்லை என்பதற்கு மேல் என்னிடம் பேசவில்லை. அவளாகப் பேசுகிற வரைக்கும் நான் காத்திருக்கத்தான் வேண்டும்.

உன் பங்கை நீதான் செய்ய வேண்டும். லிங்க் அனுப்பாதே, கட்டைவிரல் அனுப்பாதே, கூப்பிட்டுப் பேசு. நல்லதுக்குத்தான் செய்தேன் என்று ஆரம்பித்தாயானால் வைத்துவிடுவாள், வைக்கட்டும், மறுபடி கூப்பிடு. கேட்காமல் செய்தேன், தப்பு என்று சொல். உனக்கு அங்கே வேலை போனால் அதை முதலில் எங்களிடம் சொல், நீங்கள் இரண்டு பேரும் வந்து இறங்க இந்த வீடு இருக்கிறது, அடுத்து எதற்கு டிமாண்ட் என்று இங்கே யாரும் உன்னைக் கேட்க மாட்டோம்.

வேளைக்குச் சாப்பிடு. ரோஹிணியிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இரண்டு பேரும் தீர்க்காயுசாக, மனக்கவலை இல்லாமல் இருக்க அந்த ஈஸ்வரன் துணை இருக்கட்டும். ஒன்றாம் தேதி அவளுக்கு வகுப்பு ஆரம்பம், முதல் நாள் ஐந்தரைக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவாள். அதற்கு முன்னால் கூப்பிட்டுவிடு.

கோபம் தீராத, ஆனால் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா
ஞானாம்பாள்